கொழுகொழு கன்னம்

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். ஐப்பசி மழை ஊரப்பாக்கத்தை ஒரு வழி பண்ணிவிட்டு ஓய்ந்திருந்த நேரம். எங்கள் அபார்ட்மென்ட் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழை விட்டால் போதும், சுற்றுச்சுவர் ஓரமெல்லாம் இடுப்பளவு புல் மண்டிவிடும். புல் வந்தால் பாம்பு வரும் என்று வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குப் பதறுவார்கள். நான் மட்டும் வேறு ஒரு விஷயத்துக்காகப் பதறிக்கொண்டிருந்தேன். என் மகள் சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

அவளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. ஒரு கிண்ணம் பருப்பு சாதம் உள்ளே போவதற்குள் மொட்டை மாடிக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் நடையாய் நடந்துவிடுவேன். கேழ்வரகு, முந்திரி, பாதாம், பொட்டுக்கடலை எல்லாவற்றையும் வறுத்து அரைத்து, நெய் விட்டுக் கஞ்சி காய்ச்சி, அதை ஏந்திக்கொண்டு அவள் பின்னால் ஓடுவேன். வாயில் அடக்கிக்கொண்டு சிரிப்பாள், பிறகு துப்புவாள். தாம்பரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினேன். குழந்தை நன்றாக இருக்கிறாள், நீங்கள்தான் ஒழுங்காகத் தூங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றோடு எனக்கு அவர் மேல் நம்பிக்கை போயிற்று. பெருங்களத்தூரில் இன்னொருவரைப் பார்த்தேன். அவரும் அதையே சொன்னார். மூன்றாவதாக ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிறவியிலேயே ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம், வாயில் மோட்டார் என்பார் என் கணவர்.

அந்தச் சமயத்தில்தான் புல் வெட்ட ஒரு பெண் வந்தாள். ஏரிக்கரையில் நாலைந்து இருளர் குடும்பங்கள் தார்ப்பாய் போட்டுக் குடிசை கட்டியிருந்தன. அதில் ஒன்று அவளுடையது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. புருஷன் கேளம்பாக்கம் தாண்டிச் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டப் போனால் வாரக்கணக்கில் அங்கேயே தங்கி, வேலை முடிந்துதான் திரும்புவாராம். அதனால் குழந்தையையும் கூடவே கூட்டி வருவாள். பைக் ஷெட் நிழலில் ஒரு கோணியை விரித்து அதை உட்கார வைத்துவிட்டு, அரிவாளோடு புல்லுக்குள் இறங்கிவிடுவாள்.

அந்தப் பாப்பாவுக்கும் என் மகள் வயதுதான். இரண்டும் ஒரே சித்திரையில் பிறந்தவை. ஆனால் கன்னத்தைப் பார்க்க வேண்டுமே! உப்பிக்கொண்டு, பளபளவென்று, அப்போதுதான் பொரித்த பூரி மாதிரி இருக்கும். சாயங்காலம் ஊஞ்சல் பக்கத்தில் கூடும் அம்மாக்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அந்தக் கன்னத்தைக் கிள்ளாமல் போவதில்லை. எங்களுக்கு நேர் மேல் வீட்டு ஆன்ட்டி ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற டீச்சர். அவருக்கு எதைப் பார்த்தாலும் ஒரு பாடம் சொல்ல வேண்டும்.

"பாரும்மா, பாதாமா, பிஸ்தாவா, என்னத்தைக் கொடுத்தா இவ? குழந்தை எப்படி கொழுகொழுன்னு இருக்கு! மண்ணுல புரண்டு வளர்ற உடம்பே தனி. நீயும் இருக்கியே, மிக்ஸியும் கையுமா."

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் பொறாமையாகக்கூட இருந்தது. அதிலும் அந்தப் பாப்பா அப்படியொரு சமத்து. வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். அழாது, ஓடாது, எதையும் இழுத்துப் போடாது. என் மகள் ஊஞ்சலிலிருந்து குதித்து, பூந்தொட்டியைக் கவிழ்த்து, பூனையைத் துரத்தி வருவதற்குள் அது ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியிருந்தால் அதிகம்.

அந்தப் பெண்ணுக்கும் பெருமை பிடிபடாது. யாராவது பாப்பாவைப் பற்றிப் பேசினால் புல்லுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து சிரிப்பாள். தினமும் இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் கட்டைவிரல் அகலத்துக்கு மை வைத்துத்தான் கூட்டி வருவாள். "எங் கண்ணே பட்டுடும் போல கீதுக்கா" என்பாள்.

ஒரு நாள் நான் பாப்பாவுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தேன். வாங்கிக்கொண்டது. நான் வீட்டுக்குப் போய் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு மதியம் இறங்கி வந்தால் பிஸ்கட் அப்படியே கையில் இருக்கிறது. எறும்பு ஏறியிருந்தது. அதைத் தட்டிவிடக்கூட அந்தக் கை அசையவில்லை. என்னமோ உறுத்தியது. ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. சாப்பிடாத குழந்தையை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவளுக்கு இன்னொரு குழந்தை சாப்பிடாதது பெரிதாகப்படவில்லை போலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, என் மகளுக்குச் சிறியதாகிப்போன செருப்பு ஒன்றைப் பாப்பாவுக்குப் போட்டுப் பார்க்கலாமென்று எடுத்துப் போனேன். பாப்பாவை நிற்க வைத்தால் என் மகளின் தோளுக்குத்தான் வரும். அதனால் அந்தச் செருப்பு லொடலொடவென்று இருக்கும், அடுத்த வருஷத்துக்கு ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பார்த்தால் கால் உள்ளேயே போகவில்லை. அழுத்தி நுழைத்து வாரை மாட்டினேன். பாப்பா என் முகத்தைப் பார்த்ததே தவிர ஒரு சிணுங்கல் இல்லை. சரிப்பட்டு வராதென்று கழற்றினேன். வார் அழுத்தின இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளம் அப்படியே இருந்தது.

என் கட்டைவிரலைப் புறங்காலில் வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தேன். பிசைந்த சப்பாத்தி மாவில் விரல் வைத்த மாதிரி குழி.  இந்தக் குழியை எனக்குத் தெரியும். என் மாமனார் சிறுநீரகம் கெட்டுப்போய்ப் படுத்திருந்தபோது டாக்டர் இப்படித்தான் அழுத்திப் பார்ப்பார். அது சதை இல்லை, நீர்.

அதுவரை தனித்தனியாகப் பார்த்ததெல்லாம் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து தெரிந்தது. செம்பட்டையாகி, தொட்டால் கையோடு வருகிற முடி. எண்ணெய் இல்லாமல் வெயிலில் கிடக்கிறது என்று நினைத்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே பழைய சுவரில் சுண்ணாம்பு உரிவது போல் உரியும் தோல். சேற்றுப்புண் என்று நினைத்திருந்தேன். அந்தச் சமத்து. அது சமத்தே இல்லை, அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

மாடிக்கு ஓடினேன். ஒரு கையால் கஞ்சியை அடுப்பில் வைத்து இன்னொரு கையால் போன் போட்டேன். யாருக்கு? நம்பிக்கை போய்விட்டதென்று சொன்னேனே, அந்தத் தாம்பரம் டாக்டருக்குத்தான். என் குரலைக் கேட்டதும் என் மகளைப் பற்றித்தான் என்று நினைத்துப் பெருமூச்சு விட்டார். நான் பாப்பாவின் காலைப் பற்றிச் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. சத்தில்லாமல் வரும் வீக்கமாக இருக்கலாம், குழந்தை வார்டு இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போங்கள், உயிருக்கே ஆபத்து என்றார். கஞ்சி கொதிக்கிறது, முதலில் ஒரு டம்ளர் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"ஐயோ, எதையும் திணிக்காதீங்கம்மா. இத்தனை நாள் காய்ஞ்ச உடம்பு. மொத்தமா குடுத்தா தாங்காது."

அடுப்பை அணைத்தேன். என் நெய்க்கஞ்சி யாருக்கும் வேண்டாததாக ஆனது இது முதல் தடவை இல்லை. 

கீழே வந்து அந்தப் பெண்ணிடம் மூச்சு விடாமல் சொன்னேன். குழந்தைக்கு வீக்கம், உடனே ஆஸ்பத்திரி, நானே ஆட்டோ பிடிக்கிறேன். அவள் அரிவாளைக் கீழே வைக்கவே இல்லை.

"இன்னாக்கா நீ? ஊரே எம் புள்ளய கொழுகொழுன்னு சொல்லுது. நீ மட்டும் நோவுங்கிற."

நான் பாப்பாவின் காலை அழுத்திக் காட்டினேன். அவள் குழியைப் பார்த்தாள். பிறகு சட்டென்று குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மொத புள்ள எலும்பும் தோலுமாத்தான் போய்ச் சேந்துச்சு. அது மாதிரி ஆவக் கூடாதுன்னு பாத்துப் பாத்து இதத் தேத்தி வச்சிகிறேன். இதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க எல்லாம் பாத்துப் பாத்து கண்ணு பட்டுச்சு. மொளகா சுத்திப் போட்டா சரியாப் பூடும்."

பாதிப் புல்லை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.  அந்தக் கன்னம் அவளுக்கு வெறும் கன்னம் இல்லை. ஒன்றைப் பறிகொடுத்தவள் இன்னொன்றைக் காப்பாற்றிவிட்டேன் என்பதற்கு அவள் வைத்திருந்த அத்தாட்சி. அதைப் போய் நோய் என்று சொல்லிவிட்டேன். கண் பட்டது என்று அவள் சொன்னதிலும் தப்பில்லை. அத்தனை பேர் கண்ணும் பட்டது, ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. மேல் வீட்டு ஆன்ட்டியிடம் புலம்பினேன். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்காதே. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா உன் தலையில விடியும்" என்றார். ராத்திரி கணவரிடமும் சொன்னேன். அந்தக் குழந்தையின் காலை நினைத்தோ என்னவோ, தூங்கும் மகளின் காலை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்கு வரவில்லை. கேட்டருகே நாலு தடவை போய்ப் பார்த்தேன். பிறகு மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, என் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைச் சேற்றில் இறங்கிவிட்டேன். எங்கள் கேட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

குடிசைக்குள் மிளகாய் கருகின நெடி. பாப்பா ஒரு பழைய சேலை மேல் கிடந்தது. இமை இரண்டும் வீங்கிக் கண்ணே திறக்கவில்லை. ராத்திரியிலிருந்து வயிற்றாலே போகிறதாம். கையைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முந்தின நாள் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"கண்ணத் தொறக்க மாட்டேங்குதுக்கா" என்றாள். அதற்கப்புறம் எந்த விவாதமும் இல்லை.

ஆட்டோ கிடைத்தது. ஜி.எஸ்.டி. ரோடு கிடைக்கவில்லை. வண்டலூரில் பஸ்ஸும் லாரியுமாக அடைத்துக்கொண்டு நின்றது. பெருங்களத்தூரில் அதைவிட மோசம். நான் தலையை வெளியே நீட்டி முன்னால் நின்ற கார்க்காரரைப் பார்த்துக் கத்தினேன். பிறகு ஆட்டோ டிரைவரிடம் கத்தினேன். "அக்கா, நான் இன்னா பறந்தா போவ முடியும்?" என்றார் அவர் பாவமாக. சொல்லிவிட்டு, இரும்புலியூர் தாண்டினதும் பிளாட்பாரத்தில் ஒரு சக்கரத்தை ஏற்றிச் சந்தில் நுழைந்து எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.  அந்த நேரம் முழுக்க அந்தப் பெண் தன் முந்தானைக்குள் பாப்பாவை வைத்துத் தன் வயிற்றோடு அணைத்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். பிற்பாடு வார்டு டாக்டர் சொன்னார், அந்தச் சூடுதான் குழந்தையை ஆஸ்பத்திரி வரை கொண்டுவந்தது என்று.

ஆஸ்பத்திரியில் எங்களைக் காக்க வைக்கவில்லை. பாப்பாவைப் பார்த்த மாத்திரத்தில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சர்க்கரை இறங்கியிருந்தது, உடம்புச் சூடு இறங்கியிருந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார் வார்டு டாக்டர். சின்ன வயசுப் பெண். பிறகு குழந்தை என்ன சாப்பிடும் என்று அம்மாவைக் கேட்டார்.

காலையில் டீயும் பன்னும். மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு, ரசம் இருந்தால் ரசம். ராத்திரி சோறு மிச்சமிருந்தால் சோறு, இல்லாவிட்டால் மறுபடி டீ. முட்டை எப்போதாவது. அங்கன்வாடி? ரயில்பாதைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் அந்தப் பக்கம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு யார் கூட்டிப் போய்க் கூட்டி வருவது? பெயர் சேர்க்கலாமென்றால் வேலை இருக்கிற இடத்துக்கெல்லாம் குடிசை மாறுகிறது.

"முன்னல்லாம் இப்பிடி இல்ல மேடம். எங்கம்மா காலத்துல வயல்ல எலி கெடைக்கும், நண்டு, நத்த கெடைக்கும். ஏரில மீனு. இப்ப ஏரிய குத்தகைக்கு வுட்டாச்சு. வயலு எங்க கீது? எல்லாம் பிளாட்டு."

அவள் யாரையும் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முகம் எரிந்தது. நான் இருக்கிற பிளாட்டும் அந்த வயல்தான். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு என் மகள் ஒரு வாய் சாப்பிடவில்லை என்று மூன்றாவது டாக்டரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. அசல் ஆபத்து அதற்கப்புறம்தான் வந்தது.

வைத்தியம் தொடங்கியதும் வீக்கம் வடிய ஆரம்பித்தது. டாக்டர்களுக்கு அது நல்ல சேதி. ஆனால் அந்த அம்மா பார்த்தது வேறு. முதலில் இமை வடிந்தது. பிறகு கால் குச்சியானது. பிறகு அந்தக் கன்னம் இறங்கியது. ஒவ்வொரு நாளும் தராசில் எடை குறைந்துகொண்டே வந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். தொடையில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. மூக்கில் குழாய் போட்டு, வேளை தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் விட்டார்கள். இவ்வளவுதானா தருவார்கள் என்று எனக்கே பதைத்தது. தினமும் வேலை முடிந்ததும் ஊரப்பாக்கத்தில் ரயிலேறிப் போவேன். போனதும் டாக்டரைப் பிடித்துக்கொண்டு, எடை ஏன் குறைகிறது என்று நச்சரிப்பேன். குறையட்டும், முதலில் குறையத்தான் வேண்டும், இத்தனை நாள் தராசில் நின்றது குழந்தை இல்லை, நீர் என்பார். எனக்கே பாதிதான் புரிந்தது. மறுபாதியை நம்பினேன்.

அந்தப் பெண்ணிடம் சொன்னால், செவிடன் காதில் ஊதின சங்குதான். என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் மட்டும், பாப்பாவின் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"மொத புள்ள மொகம் வந்துடுச்சுக்கா."

 ரயிலில் திரும்பி வரும்போது அழுதேன்.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். தெரியாத நம்பர். பக்கத்துக் கட்டில்காரரின் போனிலிருந்து அவள்தான் பேசினாள். "அவரு வந்துட்டாருக்கா. புள்ளய இட்டுகினு போறோம். உன்னாண்ட சொல்லாம போவக் கூடாதுன்னுதான்."

லேப்டாப்பை மூடக்கூட இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு மேல் வீட்டுக்கு ஓடி ஆன்ட்டி கையில் கொடுத்தேன். ஓணான் கதையை மறுபடி ஆரம்பிப்பார் என்று பயந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போ போ, நான் பாத்துக்கறேன்" என்றார். ரயில் அன்றைக்குத்தான் வண்டலூரில் சிக்னலுக்காக நின்று தொலைத்தது. நான் கதவருகில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கிளம்பியிருந்தால் எங்கே போய்த் தேடுவது? ஏரிக்கரைக்கு வருவார்களா, இல்லை அப்படியே சவுக்குத் தோப்புக்குப் போய்விடுவார்களா?

நல்லவேளை, வார்டுக்கு வெளியே வராந்தாவிலேயே இருந்தார்கள். அவள் கையில் துணிப்பை. புருஷனை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். ஒல்லியான ஆள், கையெல்லாம் மரம் கிழித்த கீறல். பாப்பாவைத் தோளில் போட்டிருந்தார். டாக்டர் பொறுமையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் நடுவில் விழுந்தேன். இப்போது கூட்டிப் போனால் குழந்தை பிழைக்காது, எல்லாம் கெட்டுப்போகும், இன்னும் கொஞ்ச நாள் என்று கத்தினேன், கெஞ்சினேன், கையெடுத்துக் கும்பிட்டேன்.

பாப்பாவின் அப்பா கத்தவே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் போம்போது எம் புள்ள கன்னம் இப்பிடி கீது," என்று கையை உருண்டையாகக் காட்டினார். "இங்க குடுத்தோம். எலும்பக் கையில குடுக்கிறாங்க. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, இல்லங்கல. ஆனா ஒண்ண என் கையால மண்ணுல வச்சவன் நானு. இது போவறதுன்னா எங்க வூட்ல, எங்க மடியில போவட்டும்."

 எந்த அப்பாவாக இருந்தாலும் கண்ணால் பார்ப்பதைத்தானே நம்புவார்? கொண்டுவந்தபோது குண்டாக இருந்த குழந்தை, வைத்தியம் பார்க்கப் பார்க்க எலும்பாகிறது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே ஆஸ்பத்திரியை இரண்டாக்கியிருப்பேன். டாக்டரும் சோர்ந்து போய் நின்றார். பலவந்தமாக எத்தனை நேரம் நிறுத்தி வைக்க முடியும்? அவள் புருஷன் திரும்பி நடந்தார். அவள் என்னைப் பார்க்காமல் பின்னால் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அப்போது எதிரே நர்ஸ் பால் தட்டோடு வந்தார். பால் கொடுக்கிற வேளை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு டம்ளர், வரிசையாக வைத்திருந்தார். முந்தின நாள்தான் பாப்பாவுக்கு மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, டம்ளரில் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஏதோ பேருக்கு நக்குமாம், தலையைத் திருப்பிக்கொள்ளுமாம்.

நர்ஸ் அவர்களைக் கடந்து போனார். அப்பாவின் தோளில் துணி மாதிரிக் கிடந்த பாப்பா தலையைத் தூக்கியது. தட்டு போகிற பக்கமே கழுத்தைத் திருப்பியது. நர்ஸ் இன்னும் நாலடி போனதும், கத்தியது பாருங்கள்! அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படியொரு சத்தம் வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, அப்பாவின் தோளில் எம்பி, காலால் அவர் நெஞ்சில் உதைத்து, அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்து, "பாலு! பாலு!" என்று வீறிட்டது.

அவர் திகைத்து நின்றுவிட்டார். வலிக்கிறதோ என்று பயந்தவர் போல முதுகைத் தடவினார்.

"இன்னாத்துக்குடி இப்பிடி அழுவுது?"

அந்தப் பெண் கையிலிருந்த பையைக் கீழே போட்டாள்.

"கேக்குதுயா," என்றாள்.  "பால் கேட்டு அழுவுதுயா. மொதது கேக்கவே இல்லயா. கடசி வரிக்கும் ஒண்ணுமே கேக்கல."

நர்ஸ் ஓடிவந்து ஒரு டம்ளரை நீட்டினார். அந்த மனிதர் வராந்தாவிலேயே, நடந்து போகிறவர்கள் காலடியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கடகடவென்று குடித்தது. பாதி கழுத்தில் வழிந்தது. டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி அழுதது. டாக்டர் அருகில் வந்து குனிந்து, இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தரலாம் என்றார். சொன்னவர் முகம் முழுக்கச் சிரிப்பு. அவர் எத்தனை நாளாக அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார் என்று பிறகு புரிந்தது. இந்தக் குழந்தைகளுக்குப் பசி திரும்புவதுதான் பிழைத்ததற்கு அடையாளமாம்.

அந்தப் பையை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பாப்பாவின் அப்பா அன்றிலிருந்து வேலைக்குப் போகாமல் வார்டு வாசலிலேயே கிடந்தார். அடுத்த வாரத்திலிருந்து பாப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையான சதை பிடிக்கத் தொடங்கியது. என்னைக் கண்டால் என் கைப்பைக்குள் தலையை விட்டுத் தேடும் அளவுக்கு வாலாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியிலேயே அங்கன்வாடிக்குச் சொல்லிவிட்டார்கள். ஓர் அக்கா ஏரிக்கரைக்கே வந்து பெயர் சேர்த்துக்கொண்டு போனார். முட்டையும் சத்துமாவும் வந்தன. மேல் வீட்டு ஆன்ட்டி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "சும்மா முட்டையை அவிச்சுக் கொடுன்னா போதாது, மஞ்சக்கருவும் போகணும்னு சொல்லு" என்று ஒரு டப்பா நிறைய முட்டை கொடுத்தார். பாடம் எடுப்பதை அவர் விடவே மாட்டார், விட வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த பங்குனியில் ஏரிக்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று வந்தார்கள். ஒரே காலையில் குடிசைகள் எல்லாம் போய்விட்டன. கேளம்பாக்கம் பக்கம் எங்கோ தோப்பு வேலைக்குப் போயிருப்பதாகப் பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை போய்த் தேடினேன். அந்தப் பக்கம் எல்லாம் பெரிய பெரிய கட்டடங்கள், நடுநடுவே முள்காடு, ஆங்காங்கே ஒரு தார்ப்பாய்க் குடிசை. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை இருந்தது. எதுவும் பாப்பா இல்லை. அவள் புருஷன் தந்திருந்த போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்கிறது. புது இடத்தில் எந்த அங்கன்வாடி, யார் பெயர் சேர்த்தார்கள், சேர்த்தார்களா, ஒன்றும் தெரியாது.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் தட்டில் மிச்சம் வைத்தால் முன்னைப்போல நான் பின்னால் ஓடுவதில்லை. அவளுக்கு இந்த வேளை இல்லாவிட்டால் இன்னொரு வேளை, இந்த டாக்டர் இல்லாவிட்டால் இன்னொரு டாக்டர். கூப்பிடு தூரத்தில் இருந்த இன்னொரு குழந்தைக்கு இருந்ததெல்லாம் ஒரு அழுகை மட்டும்தான், அதுவும் கொஞ்ச நாள் போய்விட்டுத் திரும்பி வந்தது. எங்கே இருந்தாலும் அந்தப் பாப்பா வாயை மூடாமல் இருக்கட்டும், பசித்தால் ஊரைக் கூட்டட்டும், கையிலிருப்பதைப் பிடுங்கட்டும், அப்பன் தோளை உதைத்துக்கொண்டு இன்னும் இன்னும் என்று கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.